பதினாறு வயதில் ஓர் உஸ்தாதைத் தேடி: உ.வே. சாமிநாதையர்



 



பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டன. இந்த இரண்டு மூன்று வாரங்களாக ஜும்ஆ முடிந்ததும் மிம்பருக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைப் பெற்றவர்கள். கேள்வி இரண்டு விதமாக வருகிறது. பையனை என்ன படிக்க வைப்பது என்பது ஒன்று. சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்பி, பல மதத்துப் பிள்ளைகளோடு ஒரே ஹாஸ்டலில் தங்க வைத்தால், நம் பிள்ளை நம் பிள்ளையாகவே திரும்பி வருவானா என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்கிறார்கள். பையன்களோ எதையும் கேட்பதில்லை. தான் யார், எதற்காக இருக்கிறோம் என்ற குழப்பம் அவர்கள் முகத்திலேயே எழுதியிருக்கிறது.

இந்தக் கேள்விக்கு இன்று ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லப் போகிறேன். அவர் முஸ்லிம் அல்ல. கடைசிவரை திருநீறு பூசிய சைவ பிராமணர். ஜும்ஆ உரையில் இவர் எங்கே வந்தார் என்று சிலருக்குத் தோன்றலாம். முழுவதும் படியுங்கள், பிறகு சொல்லுங்கள். அவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். பாபநாசத்துக்கு அருகே உத்தமதானபுரம். ராஜகிரி, பண்டாரவாடை சகோதரர்களுக்கு அந்த ஊர் கூப்பிடு தூரம். அங்கே அவருக்கு நினைவு இல்லமும் இருக்கிறது. தமிழ்த் தாத்தா என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லோரும் படித்த உ.வே. சாமிநாதையர்தான் அவர். தாத்தாவாகத்தான் அவரை நமக்குத் தெரியும். தலைப்பாகையும் கண்ணாடியுமாக உள்ள அந்தப் படத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு, பதினாறு வயதில் கையில் ஒன்றும் இல்லாமல் நின்ற பையனைப் பாருங்கள்.

1855 பிப்ரவரி 19 அன்று பிறந்தார். தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். ஊர் ஊராகப் போய் ராமாயணக் கதை சொல்லி, பாட்டுப் பாடி, ஊர்க்காரர்கள் கொடுப்பதில் குடும்பம் நடத்தியவர். அரியலூர், குன்னம், கார்குடி என்று வீடு மாறிக்கொண்டே இருந்தது. மகன் தன்னைப் போல சங்கீதக்காரனாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. உறவினர்களுக்கு வேறு கணக்கு. இங்கிலீஷ் படித்தால் இந்த உலகத்தில் பிழைக்கலாம், சமஸ்கிருதம் படித்தால் மறு உலகத்துக்கு ஆகும், தமிழ் படித்தால் இரண்டும் கிடையாது என்று புத்தி சொன்னவர்கள் உண்டு. இன்று நம் வீடுகளில் இன்ஜினீயரிங்கா, நீட்டா, துபாயா என்று நடக்கிற பேச்சுதான் அது. ஊர் மாறியிருக்கிறது, பேச்சு மாறவில்லை.

பையனுக்குத் தமிழ் மேல் ஆசை. எங்கிருந்து வந்தது என்றால், ஒரு ஆசிரியரிடமிருந்து வந்தது. அரியலூரில் சடகோபையங்கார் என்பவர் அவனுக்குப் பாட்டின் சுவையைக் காட்டிவிட்டார். அதன் பிறகு அந்தத் தந்தை செய்ததைத்தான் நான் பெற்றோர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். தன் ஆசையை ஓரமாக வைத்தார். எந்த ஊரில் நன்றாகத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர் இருக்கிறார் என்று விசாரித்து, அந்த ஊருக்கே குடும்பத்தோடு போனார். குன்னத்தில் ஒருவர், கார்குடியில் ஒருவர், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கொஞ்சம். கடைசியில் ரெட்டியாரே, தன்னிடம் இருந்தது இவ்வளவுதான், இனி இவன் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போக வேண்டும் என்று கைகாட்டினார். தனக்குத் தெரிந்தது எதுவரை என்று அறிந்து, அதற்கு மேல் உள்ளவரிடம் மாணவனை அனுப்பி வைப்பது எல்லா ஆசிரியர்களுக்கும் வந்துவிடாது.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை அப்போது மாயூரத்தில், இன்றைய மயிலாடுதுறையில் இருந்தார். அந்தக் காலத்துத் தமிழ்ப் புலவர்களில் முதல் வரிசையில் இருந்தவர், மகாவித்துவான் என்று பட்டம் பெற்றவர். மாணவர்களிடம் காசு வாங்கமாட்டார். கையில் வருவதை எல்லாம் மாணவர்களுக்கும் வந்தவர்களுக்கும் செலவழித்துவிட்டுக் கடனில் இருப்பார். சாதி, மதம் பார்த்துப் பாடம் சொன்னவரும் அல்ல. நம் நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலர் அவரிடம் படித்தவர்களில் ஒருவர். சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவர் அவர் கூடவே இருந்து பணிவிடை செய்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் காவிரிக் கரையில் இப்படி ஒரு பாடசாலை நடந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

1871இல் தந்தையும் மகனும் மாயூரம் வந்து அவர் முன் நின்றார்கள். பையனுக்கு வயது பதினாறு. அதற்கு முன்பே சிறு வயதில் கல்யாணமும் ஆகியிருந்தது, கல்யாணக் கடனும் இருந்தது. பிள்ளை உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. படிக்கிறேன் என்று எத்தனையோ பேர் வருகிறார்கள், கொஞ்ச நாள் இருந்துவிட்டுச் சொல்லாமலே போய்விடுகிறார்கள் என்று தயங்கினார். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்தத் தயக்கம் புரியும். ஷவ்வாலில் வந்து சேர்ந்து பக்ரீத் லீவுக்குப் போனவன் திரும்பாமல் இருப்பது எந்த ஹள்ரத்துக்கும் புதிது கிடையாது. பையனைப் பாட்டுச் சொல்ல வைத்துப் பார்த்தார். பிறகு சேர்த்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு ஒரு சிக்கல் வந்தது. பிள்ளை வேளாளர், பையன் பிராமணன். அந்தக் காலத்து வழக்கப்படி ஆசிரியர் வீட்டில் மாணவன் சாப்பிட முடியாது. தந்தை கூடவே தங்கி, காசு கொடுத்து வெளியே சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. கையில் இருந்ததோ கொஞ்சம். ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிட்டுப் பழகிய நமக்கு இது வேதனையாகத்தான் இருக்கிறது. அப்படி ஒரு சுவர் நடுவில் நின்றும் அந்த இருவருக்கும் இடையே எப்படிப்பட்ட பாசம் வளர்ந்தது என்பதை இனிப் பாருங்கள்.

சேர்ந்த புதிதில் ஆசிரியர் நேரடியாகப் பாடம் சொல்லவில்லை. அவருக்கு நேரமில்லை. புராணங்கள் இயற்றுவது, வருகிறவர்களைக் கவனிப்பது, இதற்கிடையே புதிதாக வாங்கிய வீட்டுக் கொல்லையில் வைத்த செடிகளைப் பார்ப்பது. விடிந்ததும் கொல்லைக்குப் போய் எந்தச் செடி தளிர்த்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். தளிர் கண்டால் முகம் மலர்ந்துவிடும். பையன் இதைக் கவனித்தான். மறுநாள் அவருக்கு முன்பே எழுந்து கொல்லைக்குப் போய், எங்கெல்லாம் புதுத் தளிர் விட்டிருக்கிறது என்று தேடிப் பார்த்து வைத்துக்கொண்டான். அவர் வந்ததும் இதோ இங்கே, இதோ இங்கே என்று காட்டினான். சில நாட்கள் இப்படிப் போனது. அவர் மனம் குளிர்ந்திருந்த ஒரு காலையில் தனக்கு அவரே பாடம் சொல்ல வேண்டும் என்று தன் ஆசையைச் சொன்னான். அன்றிலிருந்து பாடம் தொடங்கியது.

வாலிபர்களே, இதைத் தந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். உஸ்தாதுக்கு எது பிரியமோ அதைத் தானும் பிரியப்படக் கற்றுக்கொண்டான் அந்தப் பையன். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் நபியவர்களின் வஃபாத்தின்போது சிறுவர். பிறகு ஒரு ஹதீஸைக் கேட்க அன்ஸாரித் தோழர்களின் வாசலுக்குப் போய், அவர் உச்சிவெயில் நேரத்தில் தூங்குகிறார் என்று தெரிந்தால் கதவைத் தட்டாமல், காற்றில் புழுதி முகத்தில் அடிக்க வாசலிலேயே படுத்துக் காத்திருப்பார்கள். நபியவர்களின் சிறிய தந்தையின் மகன் அவர்கள். தட்டியிருந்தால் யாரும் கோபித்திருக்க மாட்டார்கள்.

இரண்டு சம்பவங்களை நான் இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

ஒன்று பெயர். வீட்டார் அவருக்கு வைத்த பெயர் வேங்கடராமன். ஆசிரியர் ஒரு நாள் அவருக்கு வேறு பெயர் ஏதும் உண்டா என்று விசாரித்தார். வீட்டில் சாமா என்று கூப்பிடுவார்கள், சாமிநாதன் என்பதன் சுருக்கம் என்று பையன் சொன்னான். அப்படியானால் இனி உன்னைச் சாமிநாதன் என்றே அழைப்போம் என்றார் ஆசிரியர். அன்று முதல் அவர் சாமிநாதன். இன்று உலகம் அவரை அறிவது அந்தப் பெயரால்தான். நம் நபியவர்களும் தம்மிடம் வந்த சிலருக்கு நல்ல பெயராக மாற்றி வைத்திருக்கிறார்கள். பதினாறு வயதில் ஒருவன் தன்னை யார் என்று தேடிக்கொண்டிருக்கும்போது, அவன் நேசிக்கிற ஒருவர் வாயிலிருந்து அவனுடைய பெயர் வருவது சாதாரண விஷயமா? அமெரிக்காவில் குடியேறிய எரிக் எரிக்சன் என்ற மனோதத்துவ அறிஞர் இந்த வயதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். தான் யார் என்பதைக் கண்டடைவதுதான் இந்த வயதின் வேலை, அதற்கு முன் பலவற்றை முயன்று பார்க்க ஓர் அவகாசம் வேண்டும் என்பது அவர் கருத்து. அவரே தன் பெற்ற தந்தை யாரென்று தெரியாமல் வளர்ந்தவர், எரிக்சன் என்பது அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். எனக்குத் தோன்றுவது இதுதான்: தனக்குத் தானே பெயர் வைத்துக்கொள்ள வேண்டிய நிலைமை எல்லாப் பிள்ளைக்கும் வரக்கூடாது. வைத்துக்கொடுக்க ஒருவர் இருக்க வேண்டும்.

இரண்டாவது சங்கீதம். மாயூரத்தில் அப்போது கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடியவர், பெரிய பெயர் பெற்றவர். தந்தையின் விருப்பத்தால் சாமிநாதன் அவரிடம் சங்கீதமும் கற்றுக்கொண்டிருந்தான். பரம்பரையாக வந்த வித்தை, குரலும் இருந்தது. ஒரு நாள் ஆசிரியருக்கு இது தெரிந்தது. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கண இலக்கியத்தில் ஆழமாகப் போகாது என்று அவர் நினைத்தார். பையன் சங்கீதப் பாடத்தை விட்டுவிட்டான். தந்தைக்கு எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும்! ஆசிரியர் சொன்னது சரியா, தவறா என்று இன்று நாம் பேசலாம். இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கலாமே என்று எனக்குக்கூடத் தோன்றுகிறது. ஆனால் இரண்டு கதவுகள் திறந்திருக்கும்போது ஒன்றைச் சாத்தினால்தான் மற்றதற்குள் நுழைய முடியும் என்று ஒரு கட்டம் வரத்தான் செய்கிறது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் வாலிபத்தில் ஹுதைல் கோத்திரத்தாரோடு பாலைவனத்தில் இருந்து மொழியும் கவிதையும் கற்றவர்கள்தான். அதோடு நின்றிருந்தால் ஒரு நல்ல கவிஞர் நமக்குக் கிடைத்திருப்பார். ஃபிக்ஹின் பக்கம் திரும்பினார்கள், மத்ஹபுடைய இமாம் கிடைத்தார்கள்.

இப்படி 1871இல் தொடங்கி ஐந்து ஆண்டுகள். மாயூரத்திலும், ஆடுதுறையைத் தாண்டி இருக்கிற திருவாவடுதுறை மடத்திலும் பாடம் நடந்தது. ஆசிரியர் மனதிலேயே பாட்டுகளை அமைத்து மளமளவென்று சொல்ல, மாணவன் ஏட்டில் எழுத வேண்டும். எழுதிக்கொண்டே கற்றான். நடுவில் குடும்பக் கடன் கழுத்தை நெரித்தது. அதை அடைக்க இவரே காரை என்ற ஊருக்குப் போய்ப் புராணம் சொல்லிப் பணம் சேர்க்க வேண்டி வந்தது. பத்தொன்பது வயதுப் பையன். படிப்பை விட்டு அப்படியே அங்கேயே பிழைப்பைப் பார்த்திருக்கலாம், பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள். அவர் திரும்பி வந்தார்.

1876 பிப்ரவரி 1 அன்று திருவாவடுதுறையில் ஆசிரியர் இறந்தார். அப்போது அருகில் இருந்தவர்கள் சாமிநாதனும் சவேரிநாத பிள்ளையும். ஒரு சைவ ஆசிரியரின் மரணப் படுக்கையில் ஒரு பிராமண மாணவனும் ஒரு கிறிஸ்தவ மாணவரும். சாமிநாதனுக்கு இன்னும் இருபத்தொன்று முடியவில்லை.

நாற்றுப் பறித்து நடுகிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. குறுவை நாற்றாக இருந்தால் இருபத்தைந்து நாள் வாக்கில் பறித்து நட்டுவிட வேண்டும். அதற்கு முன்னால் பறித்தால் வேர் தாங்காது, முற்ற விட்டால் நட்ட பிறகு தூர் கட்டாது. நாற்றங்காலிலேயே கதிர் வாங்க நினைக்கிறவனும் இல்லை, விதைத்த மறுநாள் பறிக்கிறவனும் இல்லை. அந்த ஐந்து ஆண்டுகள் சாமிநாதனின் நாற்றங்கால். வேர் பிடித்திருந்ததா என்பது நடவு வயலில்தான் தெரிந்தது.

1880 பிப்ரவரியில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர் வேலை கிடைத்தது. சம்பளம் ஐம்பது ரூபாய். ஓய்வு பெற்ற தியாகராச செட்டியார், இவரும் பிள்ளையின் மாணவர்தான், தன் இடத்துக்கு இவரைச் சிபாரிசு செய்தார். அந்த நன்றியை இவர் கடைசிவரை மறக்கவில்லை. பின்னாளில் சென்னை திருவல்லிக்கேணியில் வீடு வாங்கியபோது அதற்குத் தியாகராஜ விலாசம் என்றுதான் பெயர் வைத்தார். இருபத்தைந்து வயது, அரசாங்க வேலை, பெரிய வித்துவானின் மாணவன் என்ற பெயர். தான் யார் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ளக்கூடிய இடம்.

அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். இவர் அடுக்கினார். அந்தாதி இத்தனை, பிள்ளைத்தமிழ் இத்தனை, கோவை, உலா, புராணம் என்று நீண்ட பட்டியல். முதலியார் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம், இவற்றுக்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை பார்த்ததுண்டா என்று விசாரித்தார்.

இல்லை. அவர் ஆசிரியருக்கும் அந்த நூல்களைப் பாடம் சொல்லும் வழக்கம் இருக்கவில்லை.

சகோதரர்களே, அந்த நிமிஷத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இவ்வளவு சிரமப்பட்டுப் படித்தது போதாது என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்கிறார். அதிலும் சொல்கிறவர் தமிழ்ப் பண்டிதர்கூட அல்ல, கோர்ட்டு அதிகாரி. சாமிநாதையருக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. இரண்டு வழிகள் இருந்தன. என் ஆசிரியரைக் குறை சொல்கிறாயா என்று எழுந்து வந்திருக்கலாம். அல்லது, நான் படித்ததெல்லாம் வீண் என்று உடைந்து போயிருக்கலாம். வேர் பிடிக்காத வாலிபன் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்வான். இவர் மூன்றாவதைச் செய்தார். புத்தகம் கிடைத்தால் படிக்கிறேன் என்றார். முதலியார் தன்னிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்து பிரித்தால், புரியவில்லை. வாரந்தோறும் முதலியாரோடு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமைகளில் நாம் ஓதுகிற ஸூரத்துல் கஹ்ஃபை நினைத்துப் பாருங்கள். நபிமார்களோடு யாரையும் ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை, அல்லாஹ் பாதுகாக்க வேண்டும். மூஸா (அலை) அவர்களிடம் மனிதர்களில் அதிகம் அறிந்தவர் யார் என்று கேட்கப்பட்டபோது தம்மைச் சொன்னார்கள். உம்மிடம் இல்லாத அறிவு உள்ள என் அடியார் ஒருவர் இரு கடல்கள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறார் என்று அல்லாஹ் அறிவித்தான். தவ்ராத் வழங்கப்பட்ட நபி, அல்லாஹ்வோடு பேசியவர், மீனைக் கூடையில் வைத்துக்கொண்டு மாணவராகப் புறப்பட்டார்கள். கூடப் போனவர் ஒரு வாலிபர், குர்ஆன் அவரை அப்படித்தான் குறிப்பிடுகிறது. பெரியவர் தன் அறிவின் எல்லையைக் கேட்டதும் கோபப்படாமல் பயணம் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே நடந்த அந்த வாலிபருக்கு அதைவிடப் பெரிய பாடம் எந்தக் கிதாபில் கிடைத்திருக்கும்?

இனி நீங்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிற அந்த இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

சிந்தாமணி ஒரு சமண நூல். மூவாயிரத்து நூற்று நாற்பத்தைந்து பாட்டு. எழுதியவர் திருத்தக்கதேவர் என்ற சமணத் துறவி. அதிலுள்ள சமணக் கொள்கைகள் சைவ மடத்தில் படித்த இவருக்கு எப்படித் தெரியும்? கும்பகோணத்தில் சமணக் குடும்பங்கள் இருந்தன. விசாரித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். ஒரு நாள் போனபோது வாசலில் கோலம், மாவிலைத் தோரணம். வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டார். சிந்தாமணி படித்து வந்தோம், இன்று பூர்த்தியாகிறது, அதைத்தான் கொண்டாடுகிறோம் என்று பதில் வந்தது. இவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பெரிய பெரிய வித்துவான்களிடம் கிடைக்காத நூல், பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பத்தில் பாராயணமாக ஓடிக்கொண்டிருக்கிறது! அதன் பிறகு அவர்களிடம் உட்கார்ந்து சந்தேகம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். கல்லூரிப் பண்டிதர், பக்கத்து மதத்துக்காரர் வீட்டில் மாணவராக உட்கார்ந்தார்.

சைவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. திருநீறு பூசிக்கொண்டு சமண நூலை அச்சில் கொண்டுவருவதா என்று பேசினார்கள். அவர் திருநீற்றையும் விடவில்லை, நூலையும் விடவில்லை. ஊர் ஊராக ஏடு தேடினார், இருபதுக்கும் மேற்பட்ட பிரதிகளை ஒப்பிட்டார். 1887இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. பிறகு 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. 1898இல் மணிமேகலை, அது பௌத்த நூல். அதற்காகப் பௌத்தத்தை வேறொருவரிடம் போய்க் கற்றார். சமணரிடம் கற்றதால் அவர் சமணரும் ஆகவில்லை, பௌத்தம் கற்றதால் பௌத்தரும் ஆகவில்லை.

ஏன் அவருக்கு எதுவும் ஆகவில்லை? பதினாறிலிருந்து இருபத்தொன்று வரை அவர் ஒருவர் காலடியில் உட்கார்ந்திருந்தார். அங்கே தன்னை யார் என்று அறிந்துகொண்டார். அதன் பிறகு யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் தன் வீட்டுக்கு வழி தெரிந்தது. ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் ஹிஜ்ரத்தின்போது பதினோரு வயதுச் சிறுவர். நபியவர்கள் அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்றுவரச் சொன்னார்கள். அரை மாதத்தில் கற்றுத் தேர்ந்தார்கள். பிற்காலத்தில் குர்ஆனை ஒன்று திரட்டும் பொறுப்பு யாரிடம் கொடுக்கப்பட்டது? அதே ஸைத் (ரலி) அவர்களிடம்தான். பிள்ளை யாரோடு பழகுகிறான் என்பதைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிற தகப்பன்மார்களே, அவனுக்கு யாரிடமாவது வேர் பிடித்திருக்கிறதா என்பதையும் கொஞ்சம் பாருங்கள். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். பள்ளிக்கூட ஆசிரியராக இருக்கலாம். மக்தபில் ஓதிக்கொடுத்த வயதான லெப்பையாகவும் இருக்கலாம். செல்போன் மட்டும் அந்த இடத்தில் இருந்துவிடக் கூடாது.

பரீட்சையில் தேறாத பிள்ளைகளின் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. சாமிநாதையர் 1903இல் கும்பகோணத்தை விட்டுச் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனார். அடுத்த ஆண்டு அதே கும்பகோணம் கல்லூரியில் ஒரு பதினாறு வயதுப் பையன் சேர்ந்தான். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லவில்லை, தேறவில்லை, உதவித்தொகை போனது. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனான். அவன் பெயர் ராமானுஜன். அவனைப் புரிந்துகொள்ளும் ஆசிரியர் ஹார்டி, கேம்பிரிட்ஜில் இருந்தார். 1913இல் ஒரு கடிதம் போய்ச் சேரும் வரை இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. நடுவில் போன எட்டு ஆண்டுகளில் அந்தப் பையன் பட்ட வறுமையும் அவமானமும் கொஞ்சமல்ல. இவ்வளவு பெரிய அறிவாளிக்கே உரிய காலத்தில் ஓர் உஸ்தாத் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பாடு. உங்கள் வீட்டில் மார்க் குறைந்து மூலையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை இந்த வாரம் திட்டாதீர்கள்.

சாமிநாதையரின் மீதி வாழ்க்கை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டம், மேலும் பல பதிப்புகள், தீராத ஏடு தேடும் பயணங்கள். எண்பது வயதை நெருங்கும்போது அவர் உட்கார்ந்து எழுதியது தன் ஆசிரியரின் வரலாற்றை. 1933இல் முதல் பாகமும் 1934இல் இரண்டாம் பாகமும் வந்தன. ஆசிரியர் இறந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. தன்னுடைய சொந்த வரலாற்றை அதற்குப் பிறகுதான், 1940இல்தான், ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார். யுத்த பயத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்தில் தங்கியிருந்தபோது, 1942 ஏப்ரல் 28 அன்று இறந்தார். ஆசிரியரின் வரலாறு முழுமையாக இருக்கிறது. அவருடைய சொந்த வரலாறு பாதியில் நிற்கிறது.